மேஜைமேல் ஓர் எஞ்சின்



என் வீட்டு மாடியறையில் எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு பலகை கிடக்கிறது. அதன்மேல் நீள்வட்டமாக ஒரு சிறு ரயில் பாதை. பாதையோரத்தில் அட்டையால் செய்த ஒரு நிலையம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கைகாட்டிகள். இவற்றினூடே, ஒரு சாண் நீளம்கூட இல்லாத கரிய எஞ்சின் ஒன்று மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றி வருகிறது. மாலை வேளைகளில் நான் அதன் அருகே திருப்புளியும் சாமணமும் எடுத்துக்கொண்டு அமர்ந்துவிடுவது வழக்கம்.

ஒரு நாள் என் உறவினர் ஒருவர் வந்திருந்தார். சிறிது நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊரே மதித்த தலைமையாசிரியருக்கு இந்த வயதில் பொம்மை ரயிலா?" என்று கேட்டார். அன்று நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு உரிய விடையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன். அது எஞ்சினைப் பற்றியது மட்டுமன்று. ஆசிரியனாகிய என்னைப் பற்றியதும் ஆகும்.

முதலில் எஞ்சினை அறிமுகம் செய்து வைக்கிறேன். இங்கிலாந்தில் மார்கேட் என்னும் கடலோர ஊரில், டிரை-ஆங் என்ற பெயரில் சிறு ரயில்களைச் செய்து விற்ற ஒரு தொழிற்சாலை இருந்தது. 1950களில் அங்கு உருவானது இது. கப்பலில் பணியாற்றிய என் மைத்துனர் பழம்பொருள் கடையொன்றில் இதை வாங்கி வந்து எனக்கு அளித்தார். இதற்கு மூலமான பெரிய எஞ்சினை அந்நாட்டு ரயில்வே ஊழியர்கள் 'ஜிண்டி' என்று செல்லமாக அழைத்தார்கள். லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேக்காக 1924 முதல் 1931 வரை அத்தகைய எஞ்சின்கள் 422 கட்டப்பட்டன. பெருமை மிக்க விரைவு வண்டிகளை இழுத்தவை அல்ல அவை; நிலைய முற்றங்களில் பெட்டிகளை இங்கும் அங்கும் தள்ளிச் சேர்த்த வேலைக்கார எஞ்சின்கள். ஆறு சக்கரங்கள், அவற்றைப் பக்கத்துக்கு மூன்றாகக் கோத்துப் பிணைக்கும் இணைப்புத் தண்டுகள், கொதிகலத்தின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகள், இவ்வளவே அதன் தோற்றம்.

வெளித்தோற்றத்தில் இது நீராவி எஞ்சின். உள்ளே இருந்து ஓட்டுவதோ மின்சாரம். 12 வோல்ட் நேர்மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, சக்கரத்தின் வழியே மோட்டாரை அடைந்து, மறுபுறச் சக்கரத்தின் வழியே அடுத்த தண்டவாளத்துக்குத் திரும்புகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். மெய்யாகவே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓடும் சிறு எஞ்சின்களும் உண்டு. ஆனால் அவற்றில் நெருப்பும் அழுத்தமும் இருக்கின்றன. தண்ணீர் வற்றிய கொதிகலத்தைச் சூடாக்குவதும், காப்பு வால்வை இறுக்கிக் கட்டுவதும் ஆபத்தைக் கூப்பிட்டு வீட்டில் வைத்துக்கொள்வது போலாகும். தெரிந்தவர் அருகில் இல்லாமல் மாணவர்கள் அவற்றைத் தொடலாகாது.

ஒரு பொருளைச் சிறிதாக்கிச் செய்வது எளிது என்று நான் எண்ணியிருந்தேன். எல்லா அளவுகளையும் ஒரே எண்ணால் வகுத்துவிட்டால் போயிற்று என்பது என் கணக்கு. இந்த எஞ்சின் மூலத்தில் ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு; அதாவது, பெரிய எஞ்சினின் ஓரடி இதில் 4 மில்லிமீட்டர். இனி, பெரிய ஜிண்டியின் எடை ஏறத்தாழ 50 டன். நீளம் 76 மடங்கு குறைந்தால் எடை எத்தனை மடங்கு குறையும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 76ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 4 லட்சத்து 40 ஆயிரம் மடங்கு குறையும். அப்படியானால் என் எஞ்சினின் எடை 114 கிராம்தான் இருக்க வேண்டும். தராசில் வைத்துப் பார்த்தேன். 220 கிராம் இருந்தது. இந்தக் கூடுதல் எடை தவறா? இல்லை. எடை அந்த அளவுக்குக் குறைந்துபோனாலும், அச்சிலும் பல்சக்கரங்களிலும் உள்ள உராய்வும் தண்டவாளத்தில் படியும் அழுக்கும் அதே விகிதத்தில் குறைவதில்லை. கணக்குப்படி 114 கிராமில் ஓர் எஞ்சின் செய்தால், அது இருந்த இடத்திலேயே சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்.

பாதையின் அகலமும் இப்படித்தான். இங்கிலாந்தில் மெய்யான பாதையின் தண்டவாளங்களுக்கு இடையே 1,435 மில்லிமீட்டர். அதை 76 பங்காக்கினால் 18.8 மில்லிமீட்டர் வர வேண்டும். என் பாதையின் இடைவெளியோ 16.5 மில்லிமீட்டர்தான். இது யாரோ ஒருவர் கணக்கில் செய்த பிழையன்று. 16.5 மில்லிமீட்டர் என்பது 87இல் ஒரு பங்காகச் செய்யும் மாதிரிகளுக்கு உரிய இடைவெளி. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட ஒடுங்கியவை. அவற்றை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், அந்நாளைய மோட்டார்கள் உள்ளே அடங்கவில்லை. ஆகவே பாதையை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சினின் உடலை மட்டும் சற்றுப் பெரிதாகச் செய்தார்கள். இயற்கையோடும் கைவசமிருந்த கருவியோடும் செய்துகொண்ட சமாதானம் அது. இவ்வாறு ஒவ்வொரு மாதிரியும் பல சமாதானங்களின் தொகுப்பு. எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அறிவதே இத்தொழிலின் கல்வி. விட்டுக்கொடுக்கக் கூடாத ஓர் இடத்தை நான் அறியாமற் போனதைப் பின்னால் சொல்கிறேன்.

பராமரிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். எஞ்சின் கைக்கு வந்தபோது அது ஓடவில்லை. எண்ணெய் இல்லாததால்தான் ஓடவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து தாராளமாக விட்டேன். ஓடியது, எனக்கு மட்டற்ற மகிழ்ச்சி. மார்கழி மாதக் காலைப் பொழுதொன்றில் பார்த்தபோது பல்சக்கரங்களெல்லாம் வெண்மையாக உறைந்து கிடந்தன. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும் என்பதை எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்! உறையாத காலத்திலும் தாவர எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகிவிடும். மிஞ்சிய எண்ணெய் மெல்ல ஊர்ந்து மோட்டாரின் திசைமாற்றிக்குப் போயிற்று. கரித்தூளோடு கலந்து சேறாயிற்று. சக்கரத்துக்கு இறங்கித் தண்டவாளத்தையும் கறுக்கச் செய்தது.

எனவே முதல் விதி இது. எண்ணெய் இடும் முன் பழைய எண்ணெயைத் துடைக்க வேண்டும். பிறகு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய கனிம எண்ணெயை ஒரு குண்டூசி முனையில் தொட்டு, அச்சு சுழலும் இடத்தில் ஒரு துளி வைத்தால் போதும். இரண்டாம் துளி உதவியன்று, உபத்திரவம். திசைமாற்றியின் துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளில் கரித்தூள் அடைந்துகொள்ளும்; அதை மழுங்கிய மரக்குச்சியால் எடுத்துவிட வேண்டும். தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அது தீப்பற்றக்கூடியது. ஆதலால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டும். உப்புத்தாளால் தேய்ப்பது விரைவான வழிபோலத் தோன்றும். ஆனால் அது இடும் ஒவ்வொரு கீறலும் நாளைய அழுக்குக்கு ஒரு வீடு. இன்னொன்று: இவ்வகைப் பழைய மோட்டார்களில் காந்தத்தின் நடுவிலிருந்து சுழலியை வெறுமனே உருவி எடுத்துவிட்டால் காந்தம் வலுவிழக்கும். ஓர் இரும்புத் துண்டைக் காந்த முனைகளுக்குக் குறுக்கே வைத்த பிறகே எடுக்க வேண்டும். நிலைக்காந்தங்களை வைக்கும் முறையைப் பள்ளியில் படிக்கிறோமே, அதே பாடம்தான்.

அடுத்து, திருத்தம். மூன்று பெட்டிகளைச் சேர்த்தால் வளைவில் எஞ்சினின் சக்கரங்கள் வழுக்கின. மேலும் எடை வேண்டும். ஈயத் தகட்டை வெட்டி, கொதிகலத்தின் உள்ளே சக்கரங்களுக்கு நேர்மேலே அமையுமாறு வைத்தேன். முன்பக்கம் மட்டும் கனத்தால் பின்சக்கரம் வேலை செய்யாது. ஆகவே எஞ்சினை ஒரு பென்சிலின் குறுக்கே நிறுத்தி, நடுச்சக்கரத்தருகே சமன்படுகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். ஈயம் நச்சுத்தன்மை உடையது. தொட்டால் கையைக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. ஈயக்குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து மூடிய இடத்தில் அடைப்பதும் கூடாது. நாளடைவில் ஈயம் அரித்துப் பருத்து, எஞ்சினின் உடலையே பிளந்துவிடும்.

எடையை எவ்வளவு கூட்டலாம்? இதற்கு ஓர் அழகிய சோதனை உண்டு. எஞ்சினை அசையவொட்டாமல் விரலால் தடுத்துக்கொண்டு ஒரு நொடி மின்சாரம் கொடுங்கள். சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் வழுக்கிச் சுழன்றால் எடை சரி. சுழலாமல் நின்று மோட்டார் உறுமினால் எடை மிகுதி, உடனே நிறுத்துங்கள். சக்கரம் வழுக்கலாம், மோட்டார் திணறக் கூடாது. திணறும் மோட்டாரில் மின்னோட்டம் பெருகிக் கம்பிச்சுருள் கருகிவிடும். சுமையைத் தாங்க முடியாதபோது சற்றே நழுவிக்கொள்ள இடம் வைப்பதும் ஒரு பாதுகாப்பு. இளைஞர்களை வைத்து வேலை வாங்குகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தையும் அளந்து பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர். அதை 76 பங்காக்கினால் நொடிக்கு 22 சென்டிமீட்டர். ஆகவே ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க என் வண்டி நாலரை நொடிக்குச் சற்று மேலாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் அளந்தபோது அது ஒன்றரை நொடியில் கடந்துவிட்டது. மெய்யான ஜிண்டி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதற்குச் சமம் அது! அந்நாள்முதல் நானும் என் பேரனும் கடிகாரத்தைப் பார்த்தே வண்டி ஓட்டுகிறோம்.

இப்போது என் தோல்விக்கு வருகிறேன். பழைய சக்கரங்களின் உள்விளிம்புகள் மிகவும் ஆழமானவை. நான் புதிதாக வாங்கிப் பதித்த தண்டவாளமோ உயரம் குறைந்தது. விளிம்புகள் கட்டைகளில் தட்டித் தட்டி வண்டி குலுங்கிற்று. ஆகவே மெல்லிய விளிம்புள்ள புதுச் சக்கரங்களை வரவழைத்தேன். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் இடையே, உட்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்கு, 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெர்னியர் அளவியால் பலமுறை அளந்து, சக்கரங்களை அச்சுகளில் அழுத்திப் பொருத்தினேன். இணைப்புத் தண்டுகளை மாட்டினேன். மின்சாரம் கொடுத்தேன். எஞ்சின் அரைச்சுற்றுச் சென்றது, நொண்டியது, நின்றது.

மின்னழுத்தத்தைக் கூட்டினேன். மீண்டும் ஒரு துள்ளல், மீண்டும் நின்றது. எனக்குச் சினம் வந்தது. விரலால் தள்ளினேன். இன்னும் வலுவாகத் தள்ளினேன். 'டிக்' என்று ஓர் ஒலி. ஒரு பக்கத்து இணைப்புத் தண்டு வில்லாக வளைந்துவிட்டது. அதைப் பெட்டியில் போட்டு மூடியவன், மூன்று மாதம் மாடிக்கே போகவில்லை.

அந்த நாட்களில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். என் பழைய மாணவர். தம் மகளின் திருமணத்துக்கு அழைப்பிதழ் வைக்க மனைவியோடு வந்திருந்தார். இப்போது திருச்சிராப்பள்ளி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. நீலகிரி மலைப் பாதையில் ஓடும் நீராவி எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் இடம் அது. அந்தப் பாதைக்காக இந்த நூற்றாண்டில் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டிய இடமும் அதுவே. 1972ஆம் ஆண்டோடு சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நீராவி எஞ்சின் கட்டுவது நின்றுபோயிற்று. அதற்குப் பல்லாண்டுகள் கழித்து, நம் ஊர்க் கைகள் அந்தக் கலையை மீண்டும் கற்றுக்கொண்டன. அவர் அந்தக் கைகளுள் ஒருவர்.

அவரை வாசலில் கண்டதுமே எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. 1989ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நீராவி எஞ்சினின் குறுக்குவெட்டு மாதிரி ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினால் சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வரும். அதற்கேற்ப, நீராவியை விடும் நழுவு வால்வும் நகரும். அது சில காலமாகச் சரியாக இயங்கவில்லை. ஒரு நாள் இடைவேளையில் உள்ளே நுழைந்தபோது, ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அதன் மூடியைக் கழற்றித் திருகாணிகளை மேஜையில் பரப்பி வைத்திருந்தான். அரசாங்கப் பொருளைப் பாழாக்கிவிட்டான் என்று எனக்குக் கடுங்கோபம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கேட்கவில்லை. அவ்வாண்டு முடியும்வரை ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவியையும் அவன் தொடக் கூடாது என்று ஆணையிட்டேன். மற்ற மாணவர்கள் சோதனை செய்யும்போது அவன் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். மாதிரியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அந்தச் சிறுவன்தான் இப்போது வெற்றிலை பாக்குத் தட்டோடு என் கூடத்தில் அமர்ந்திருந்தார்.

பேச்சுவாக்கில் என் எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். பார்க்க வேண்டும் என்றார். மாடிக்கு அழைத்துப் போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சக்கரக் கம்பிகளின் ஊடே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு மிகவும் தயக்கத்தோடு, "சார், அளவெல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நடு அச்சின் கோணம் மற்ற இரண்டோடும் ஒத்துப்போகவில்லை" என்றார்.

நேயர்களுக்கு இதை விளக்க வேண்டும். நீராவி எஞ்சினின் சக்கரத்தில், மையத்தைவிட்டு விலகி ஒரு முளை இருக்கும். பிஸ்டன் தள்ளும் தண்டு அந்த முளையைப் பிடித்துத்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் கோடியில் நிற்கும் கணத்தில், தண்டும் முளையும் சக்கரத்தின் மையமும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அந்நிலையில் எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும் சக்கரம் சுழலாது. மிதிவண்டியின் மிதிகட்டை நேர்மேலே நிற்கும்போது கால்பலம் முழுவதும் வீணாகிறதல்லவா, அதைப் போன்றது. அதனால்தான் இரண்டு சிலிண்டர் எஞ்சின்களில் இடப்பக்க முளையையும் வலப்பக்க முளையையும் 90 பாகை விலக்கி அமைக்கிறார்கள். ஒரு பக்கம் வலுவற்று நிற்கும்போது மறுபக்கம் முழு வலுவோடு இருக்கும். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் மீண்டும் புறப்படும்.

என்னுடைய சிறு எஞ்சினில் தள்ளுவதற்குப் பிஸ்டன் இல்லை. மோட்டார் ஓர் அச்சைச் சுழற்ற, மற்ற இரு அச்சுகளையும் இணைப்புத் தண்டுகளே இழுத்துச் செல்கின்றன. இங்கே கோணம் மிகச் சரியாக 90 இல்லாமல் ஓரிரு பாகை கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை. ஆனால் மூன்று அச்சுகளிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும். ஓர் அச்சு மாறுபட்டாலும் தண்டுகள் ஒன்றையொன்று எதிர்க்கும். விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் என்று முன்னே சொன்னேனே, அது இதுதான். நான் 14.5 மில்லிமீட்டரைப் பத்து முறை அளந்தேன்; கோணத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"தம்பி, இதை எங்கே கற்றுக்கொண்டாய்? பணிமனையிலா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள்தான் கரும்பலகையில் வரைந்து காட்டினீர்கள். மிதிவண்டி உதாரணமும் நீங்கள் சொன்னதுதான்" என்றார் அவர்.

என் வாய்க்குத் தெரிந்திருந்த பாடம் என் கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் வேலை செய்த முறையைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். முதலில் மோட்டாரை எடுத்துவிட்டார். வளைந்த தண்டை மரத்துண்டின்மேல் வைத்து மெல்ல நிமிர்த்தினார். பல்சக்கரம் உள்ள அச்சையும் பக்கத்து அச்சையும் மட்டும் தண்டால் இணைத்தார். கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து, ஒரு விரலால், ஊதித் தள்ளுவதுபோல உருட்டினார். இறுகும் இடத்தில் நிறுத்தி, அந்த அச்சில் ஒரு பக்கத்துச் சக்கரத்தை மயிரிழை திருப்பினார். மறுபடி உருட்டினார். அது தடையின்றி ஓடிய பின், அந்த அச்சைப் பிரித்துவிட்டு மூன்றாவது அச்சை அதேபோலச் சரிசெய்தார். பிறகே மூன்றையும் சேர்த்தார். கண்ணாடியின் ஒரு முனையைச் சற்றுத் தூக்கினார். எஞ்சினின் அடிப்பகுதி தானே உருண்டு இறங்கிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட அவர் விரல் எதையும் வலிந்து தள்ளவில்லை. "இறுகினால் தள்ளக் கூடாது சார். எங்கே இறுகுகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய எஞ்சினிலும் அதேதான்" என்றார்.

அப்போதுதான், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைக் கேட்டேன். "அன்றைக்கு அந்த மாதிரியை ஏனப்பா கழற்றினாய்?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிஸ்டன் நகர்ந்தது சார், வால்வு நகரவில்லை. வால்வை ஆட்டும் வட்டை அச்சோடு பிடித்து வைக்கும் திருகாணி தளர்ந்திருந்தது. அதை இறுக்கிவிட்டேன். மூடியை மாட்டிக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்துவிட்டீர்கள்."

மாணவ நண்பர்களே, அந்த மாதிரி பழுது நீங்கியிருந்தது. நான் அதை ஒருமுறை சுழற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானோ பூட்டி வைத்தேன். அந்தப் பள்ளியைவிட்டு நான் மாறுதலாகிப் போகும்வரை எந்த வகுப்பும் அதைப் பார்க்கவில்லை. ஒரு சிறுவனை மட்டும் நான் தண்டிக்கவில்லை. அவன் சரிசெய்து கொடுத்த அறிவை எத்தனையோ மாணவர்களுக்கு இல்லாமற் செய்துவிட்டேன்.

"நான் செய்தது தவறு, தம்பி" என்றேன். அவர், "விடுங்கள் சார். திருமணத்துக்கு நீங்கள் முன்னதாகவே வந்துவிட வேண்டும்" என்று பேச்சை மாற்றினார். சென்றேன். மணமக்களை வாழ்த்தி, தந்தையின் கைகளைப் பற்றிச் சபையில் நான்கு வார்த்தை பேசினேன். அந்த வார்த்தைகள் 1989இலேயே அவருக்குச் சேரவேண்டியவை.

ஆகவே, என் உறவினருக்கு இதுதான் விடை. இது பொம்மையாகவே இருக்கட்டும். ஆனால் நான் அறுபது வயதுக்கு மேல், வலிந்து தள்ளுவதற்கும் தடையைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதனிடம் கற்றுக்கொண்டேன். நாற்காலியில் இருந்த காலத்தில் தேங்கி நின்ற மாணவர்களை நான் பெரும்பாலும் தள்ளியே பழகினேன். எங்கே இறுகுகிறது என்று நின்று பார்த்தது குறைவு.

இத்தகைய எஞ்சின் எங்களுக்கு ஏது என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சின் வேண்டியதில்லை. ஓடாமற் கிடக்கும் ஒரு பழைய பொம்மை மோட்டார், மிதிவண்டியின் பின்சக்கரம், வீட்டுத் தையல் இயந்திரம் ஆகிய எதுவும் போதும். பெரியவர்களின் அனுமதியோடு, மின்சாரத் தொடர்பு இல்லாத நிலையில் கழற்றுங்கள். கழற்றும் வரிசையைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் இடுங்கள். இறுகினால் நிறுத்துங்கள். அடுத்த முறை ஒரு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால், அங்கே நிற்கும் நீராவி எஞ்சினை ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சுற்றிப் போய் மறுபக்கத்து முளையையும் பாருங்கள். ஒன்று மேலே நின்றால் மற்றது பக்கவாட்டில் நிற்கும். ஒன்று ஓய்ந்த இடத்தில் மற்றொன்று உழைக்கும்படி மனிதன் அமைத்த ஏற்பாட்டைக் கண்ணாரக் காண்பீர்கள்.

உங்களிடையே வருங்கால ஆசிரியர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஒரு மாணவன் கருவியைக் கழற்றி வைத்துக்கொண்டிருப்பதைக் கண்டால், முதலில் "என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். பிறகு அதை ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.